பரவனாத்துத் தண்ணியில டிடிஎஸ் மட்டும் பாத்தா பத்தாதுங்க

எங்க ஊரு குறிஞ்சிப்பாடி பக்கம். பரவனாத்துத் தண்ணி வாய்க்கால் வழியா எங்க மடைக்கு வந்துதான் நடவே நடக்கும். அந்தத் தண்ணியில மழைத்தண்ணி பாதி, நெய்வேலி சுரங்கத்துலேர்ந்து எறைக்கிற தண்ணி பாதின்னு ஊர்ல பேச்சுவாக்குல சொல்லுவாங்க, பாதிக்குப் பாதியான்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் கணக்கு கிடையாது. நெலக்கரிக்குக் கீழ ஊத்துத்தண்ணி அழுத்தத்தோட மேல முட்டிக்கிட்டு இருக்கும், அத ராப்பகலா எறைச்சு அழுத்தத்தக் கொறைக்கலன்னா சுரங்கத்தோட தரையே பொத்துக்கும், அதனால அந்தத் தண்ணி எந்த மாசமும் வரும். கோடையில ஆத்துல ஓடுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியப்பா ஒவ்வொரு நடவுக்கும் எங்கிட்ட, "ஏம்மா, தண்ணி நல்லாருக்கா பாத்து சொல்லு"ம்பாரு. நானும் டிடிஎஸ் மீட்டர, அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பு எவ்ளோன்னு காட்டுற மீட்டர, முக்கி நம்பர சொல்லிட்டு வந்துடுவேன். ஒரு வருஷம் அப்படியே எழுதி வெச்ச நோட்டு இன்னும் இருக்கு, ஆனா அதுல ஓட்டம் எவ்ளோன்னு ஒரு நாள்கூட எழுதல, அதனால அந்த வருஷத்து நம்பர் எதையும் இன்னொரு வருஷத்தோட ஒப்பிட முடியல. இது எனக்கு இப்பவும் மனசு வலிக்குது.

ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. கோடையில நொடிக்கு 200 லிட்டர் ஓடுது, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு, அப்போ நொடிக்கு 200 கிராம் போவுது. ஐப்பசி மழையில 1500 லிட்டர் ஓடுது, மீட்டர் 300தான் காட்டுது, எல்லாரும் தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, ஆனா நொடிக்கு 450 கிராம் போவுது. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 39 டன், அதுல ஒரு பங்கு கீழ இருக்குற பெருமாள் ஏரியில போய்த் தங்கும். பயிருக்கு அன்னைக்கு எவ்ளோ உப்பு படுதுன்னு மீட்டர் சொல்லும், ஏரிக்கும் மண்ணுக்கும் மொத்தமா எவ்ளோ சேருதுன்னு ஓட்டத்தையும் சேத்துப் பெருக்குனாத்தான் தெரியும்.

ஓட்டம் அளக்க பெரிய மிஷின் ஒண்ணும் வேணாம். வாய்க்கால் நேரா போற எடத்துல 10 மீட்டர் அளந்து ரெண்டு குச்சி நட்டுட்டு, மெதக்குற பொருள் ஒண்ண விட்டு நேரம் பாக்கணும். மொதல்ல நான் எலுமிச்சம்பழம் விட்டேன், கரையில துணி தொவைக்கிற ஆயா பாத்துட்டு, யாருக்குடி கழிப்பு கழிச்சு ஆத்துல விடுறேன்னு பயந்து போயி குடத்த தூக்கிட்டாங்க, அதுலேர்ந்து சாத்துக்குடிதான். பழம் 20 நொடியில வந்துச்சுன்னா மேல்தண்ணி வேகம் நொடிக்கு அரை மீட்டர். அடித்தண்ணி மெதுவாத்தான் போவும், அதனால 0.85ஆல பெருக்கணும். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 40 சென்டிமீட்டர்னா நொடிக்கு 340 லிட்டர், அதாவது 12 கனஅடி. ஆழத்த ஒரே எடத்துல பாக்காதீங்க, குறுக்கால அஞ்சு எடத்துல பாருங்க, நடுவுல சேறு வாரிட்டுப் போயிருப்பாங்க.

எடமும் முக்கியம். சுரங்கத் தண்ணி சேர்றதுக்கு மேல ஒண்ணு, சேந்த பொறவு ஒண்ணு, எங்க மடைக்கிட்ட ஒண்ணுன்னு மூணு எடம், எல்லாம் ஒரே நாள் காலையில. மேல் எடத்து அளவு இல்லாம கீழ கூடிப்போச்சுன்னு யாரையும் கை காட்டக்கூடாது, ஏன்னா நம்ம வயல்லேர்ந்து வடியிற தண்ணியிலயும் உப்பும் யூரியாவும் இருக்கு. கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) பக்கம் உப்பனாத்துல எடுத்த நம்பரோட இத ஒப்பிடவும் கூடாது, அங்க கடல் ஏறி எறங்கும்.

தண்ணியில உப்பு கூடக் கூட மின்சாரம் கடத்துறதும் கூடும், அந்த அளவுதான் இசி. பாசனத்துக்கு இசி ஒரு சென்டிமீட்டருக்கு 700 மைக்ரோ சீமன்ஸுக்குள்ள இருந்தா கவல இல்ல, 3000 தாண்டுனா ரொம்ப மோசம், எடையில இருந்தா மண்ணையும் வடிகாலையும் பாத்து முடிவு பண்ணணும்னு ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு சொல்ற கணக்கு. ஆனா மீட்டர் இரும்பு எவ்ளோ, சல்ஃபேட் எவ்ளோன்னு பிரிச்சு சொல்லாது. கரி இருக்குற மண்ணுல கந்தகம் கலந்த தாது இருந்தா காத்தும் தண்ணியும் பட்டு அமிலமாவும், அதனால பிஹெச்சும் பாக்கணும், லேபுக்கும் குடுக்கணும். ஒரு தடவ பாட்டில வண்டி டிக்கியில வெயில்ல வெச்சு மத்தியானம் வரைக்கும் சுத்திட்டேன், லேபுல குடுக்கும்போது அடியில செங்காவி கலர்ல படிஞ்சு கெடந்துச்சு, அது தண்ணியில கரைஞ்சிருந்த இரும்பு. பாட்டில்ல மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணிய மட்டும் அளந்தா இரும்பு கொறைச்சலாத்தான் வரும். இப்போ உலோகத்துக்கு தனி பாட்டில், அதுல இரும்பு படியாம இருக்க லேபுல குடுக்குற நைட்ரிக் அமிலம் சில சொட்டு, மிச்சதெல்லாம் ஐஸ் பொட்டியில.

ஓட்டத்துக்கு தினமும் கணக்கு வெக்கத்தான் போன வாரம் மதகு செவுத்துல பெயின்ட்ல சென்டிமீட்டர் கோடு போட்டேன். பெரியப்பாதான் ஏணிய புடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் காலேஜுக்குப் போற நாள்ல எல்லாம் அவரே எந்தக் கோட்டுல தண்ணி நிக்குதுன்னு பாத்து, காலண்டர்ல அந்தத் தேதிக்குப் பக்கத்துல எழுதி வெக்கிறாரு. இந்த ஐப்பசிக்கு வர்ற முதல் வெள்ளத்துலேர்ந்து ஒரு நாள்கூட விடாம எழுதணும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம்.