14ஆவது குஞ்சு டார்க் கிரீன்

டார்க் கிரீன் ஆண், ஸ்கை புளூ பெட்டை என்று ஒரு பட்ஜி கிளி ஜோடி. எட்டு மாதம், மூன்று ஈடு, 14 குஞ்சு. கடைசியில் டார்க் கிரீன் ஒன்று வந்தேவிட்டது! நேற்றுக் காலை பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டு வராந்தாவில் அதையும் லைட் கிரீன் அண்ணனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. (எல்இடி வெளிச்சத்தில் கருமைக் காரணியை, அதாவது பச்சையை லைட் கிரீன், டார்க் கிரீன், ஆலிவ் என்றும் நீலத்தை ஸ்கை புளூ, கோபால்ட், மாவ் என்றும் படிப்படியாக அடர்த்தியாக்கும் மரபணுவை, தீர்மானிக்காதீர்கள், வெயில் வரட்டும்.)

இதன் அப்பனான டார்க் கிரீன் ஆணை எனக்கு விற்றவர் "இதோட அப்பன் ஆலிவ், அம்மா ஸ்கை புளூ, டைப் ஒன்" என்று அடித்துச் சொல்லித்தான் 120 வெள்ளி வாங்கினார். டைப் ஒன் என்றால் கருமைக் காரணி பச்சையோடு ஒரே குரோமோசோமில் (மரபணுக்கள் கோர்த்திருக்கும் இழை) இருக்கிறது என்று அர்த்தம். அது உண்மையென்றால் ஸ்கை புளூ பெட்டையோடு சேர்த்ததும் டார்க் கிரீனும் ஸ்கை புளூவும்தான் கொட்டியிருக்க வேண்டும். முதல் ஈட்டில் மூன்று கோபால்ட், இரண்டு லைட் கிரீன். இரண்டாவதில் இரண்டு கோபால்ட், மூன்று லைட் கிரீன். அப்போதே புரிந்துவிட்டது, இது டைப் டூ. கருமைக் காரணி நீலத்தோடு ஒரே குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது, கோபால்ட் அல்லது மாவ் வழியில் வந்த பறவை. ஏமாற்றினார் என்று சொல்லவில்லை, ஆனால் பதிவேடு வைக்காமல் டைப் சொல்லி விற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இரண்டு மரபணுவும் தனித்தனியாகப் பிரிந்து போயிருந்தால் நான்கு நிறமும் காலே கால் வந்திருக்கும், 14இல் ஏழு குஞ்சாவது டார்க் கிரீன், ஸ்கை புளூ பக்கம் போயிருக்கும். பிணைந்து கிடப்பதால்தான் கோபால்ட், லைட் கிரீன் நூற்றுக்குத் தலா 43, டார்க் கிரீன், ஸ்கை புளூ தலா 7 என்ற கணக்கு. குறுக்கேற்றம் நடந்து ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது நூற்றுக்குச் சுமார் 14 தடவைதான், அதுவும் இரண்டு நிறத்துக்குப் பாதிப் பாதி. மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் சாண்டர்ஸும் பனட்டும் 1905இல் இனிப்புப் பட்டாணியில் இதே மாதிரி கணக்கு உதைப்பதைப் பார்த்தார்கள், காரணம் மட்டும் பிடிபடவில்லை. 1911இல் மார்கன் பழ ஈயை வைத்துச் சொன்ன பிறகுதான் தெளிந்தது.

என் உயிரை வாங்கியது குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் போடுவதுதான். வளையம் இல்லையென்றால் மூன்று ஈட்டுக் குஞ்சும் பெரிய கூண்டில் கலந்ததும் எது எந்த ஈடு என்றே தெரியாது, எண்ணிக்கை அம்பேல். 7ஆம் நாள் போட்டேன், மறுநாள் மரத்தூளில் கிடந்தது. 11ஆம் நாள் ஏறவே இல்லை, குஞ்சு கத்தின கத்தில் கை நடுங்கிவிட்டது. எனக்குச் சரிப்பட்டது 9ஆம் நாள் சாயங்காலம். பாதத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், முன்விரல் இரண்டையும் சேர்த்து நுழைத்து, பின்விரல் இரண்டையும் காலோடு படியவைத்து அதற்கு மேலும் தள்ள வேண்டும். அப்புறம் அடியில் மாட்டிக்கொண்ட விரல்களைப் பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். குச்சியின் கூர்முனையை முதலில் தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

தினை இப்போது லிட்டில் இந்தியாவில்தான் வாங்குகிறேன், பாக்கெட்டில் வருவதைவிடத் தூசி குறைவு. கணவாய் ஓட்டுக்குச் செலவே இல்லை, மார்க்கெட் மீன்காரர் எடுத்து வைத்துவிடுகிறார்.

மூன்றாவது ஈட்டில் இரண்டு கோபால்ட், ஒரு லைட் கிரீன், அப்புறம் இந்த டார்க் கிரீன். ஸ்கை புளூ ஒன்றுகூட இல்லை. அப்பன் டைப் டூ, பிள்ளை டைப் ஒன்! வயது ஒன்று ஆனதும் இதற்கும் ஒரு ஸ்கை புளூ ஜோடி போட்டு நிறத்தை எண்ணப்போகிறேன். அதற்குள் சின்னமன் (கறுப்பைப் பழுப்பாக்கும் மரபணு), இனோ (கருநிறமியை நீக்கும் மரபணு) இரண்டும் ஸ்பிலிட்டாக, அதாவது வெளியே தெரியாமல் மறைந்து, உள்ள ஆண் ஒன்று தேட வேண்டும். அந்த இரண்டும் இன்னும் நெருக்கம், பிரிவது நூற்றுக்கு மூன்று போலத்தான், அவை இருக்கும் இசட் என்ற பால் குரோமோசோம் பெட்டைக்கு ஒன்றே ஒன்று என்பதால் ஆணிடம் மட்டுமே நடக்கும். முட்டைப்பெட்டியைக் கழற்றிவிட்டேன், பெட்டைக்கு நான்கு மாதம் ஓய்வு. டார்க் கிரீன் இன்னும் தானாகத் தினை உடைக்கவில்லை, அப்பன்தான் ஊட்டுகிறது.