எலி அட்டையும் சுருக்குக் கம்பியும்: பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

எலிப்பொறிக்குப் பூனையை அழைத்து வருவது பெரும்பாலும் கருவாடுதான். வாசனை தூக்கலாக இருந்தால் எலி சீக்கிரம் விழும் என்று கட்டுகிறார்கள். எலிக்கு முன்னால் பூனை வந்து நிற்கும். சுட்ட தேங்காய்ப் பத்தை போதும். எலி வரும், பூனைக்கு அதில் பெரிய நாட்டம் இருக்காது. மசால் வடையும் பரவாயில்லை, மீன் பொரித்த எண்ணெயில் போட்டதாக இல்லாத வரை.

அடித்து மூடும் ஸ்பிரிங் பொறியைத் தோட்டத்தில் திறந்தபடி வைக்கக் கூடாது. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் 5 செ.மீ. துளை போட்டு, சுவரை ஒட்டி வையுங்கள். எலி சுவரோரமாகவே ஓடும், துளையைக் கண்டால் நுழைந்துவிடும். துளைக்கு நேரே பொறி இருந்தால் பூனை கையை விட்டுத் துழாவி விரலை நசுக்கிக்கொள்ளும். அதனால் உள்ளே குறுக்காக ஒரு பலகை வைத்து, எலி வளைந்து போனால்தான் பொறியை எட்டும்படி செய்யுங்கள். பெட்டியின் மேல் இரண்டு செங்கல் ஏற்ற மறக்க வேண்டாம். குட்டிகள் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாட்டையும் நம்ப முடியாது, சின்னக் குட்டி அந்தத் துளையிலேயே நுழைந்துவிடும்.

பசை அட்டையை வெளியில் வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதில் முதலில் ஒட்டுவது பல்லி, ஓணான், அணில். ஒட்டிய பல்லி வாலை அடித்துத் துடிக்கும் அசைவுக்குத்தான் பூனை பாய்கிறது. முதலில் ஒரு கால் ஒட்டும், அதை இழுக்க மறு காலை ஊன்றும், பிறகு உருண்டு வயிறு முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

அப்படி ஒட்டினால் அட்டையைப் பிய்க்காதீர்கள், முடியோடு தோலும் வரும். முதலில் திறந்திருக்கும் பசை மேல் மைதாவையோ சாம்பலையோ அள்ளிப் போடுங்கள், மேற்கொண்டு ஒட்டாது. தலையைத் துண்டால் போர்த்தி, சமையல் எண்ணெயை (நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எதுவானாலும்) முடியின் அடி வரை விரலால் தேயுங்கள். ஐந்து, பத்து நிமிடம் பொறுத்தால் பசை இளகி வழுக்கும். அப்போது அட்டையை மெதுவாக உரிக்கலாம். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துவட்டிக் கதகதப்பாக வையுங்கள். மண்ணெண்ணெய், தின்னர், டர்பென்டைன் பக்கமே போகாதீர்கள். பசை போகும், ஆனால் தோல் வெந்துவிடும். மிச்சத்தைப் பூனை நக்கி விழுங்கும். மூக்கிலோ வாயிலோ பசை இருந்தால் எண்ணெய் விடாமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

காட்டோரத் தோட்டங்களில் பயம் வேறு. முயலுக்கும் பன்றிக்கும் பைக்கின் பிரேக் கம்பி, கிளட்ச் கம்பியில் சுருக்குப் போட்டு வேலியின் இடைவெளியில் கட்டிவிடுவார்கள். பூனையும் அதே வழியில்தான் போகும். பூனை ஒல்லியாக இருப்பதால் தலையும் முன்கால்களும் தாண்டிப்போய், சுருக்கு இடுப்பில் இறுகுவதுண்டு. வேலியில் புல் படிந்து தடம் விழுந்த ஓட்டைகளைப் பயிர் முற்றும் பருவத்தில் பகலிலேயே சுற்றிப் பாருங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதையும் வேட்டைக் கணக்கில்தான் சேர்க்கிறது. கம்பி கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் நேரே சண்டைக்குப் போனால் அடுத்த கம்பி இன்னும் மறைவாக வரும்.

மாட்டிய பூனையை உங்கள் பக்கம் இழுத்தால் சுருக்கு மேலும் இறுகும். கோணிச்சாக்கைப் போர்த்தி, கம்பியைக் கட்டியிருக்கும் முளைப் பக்கமாக நகர்த்துங்கள், கம்பி தளரும். கழுத்தில் இறுகி மூச்சு முட்டினால் அங்கேயே வெட்ட வேண்டும்: கம்பிக்கும் தோலுக்கும் நடுவில் கரண்டிக் காம்பைச் செருகி, கூரான கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். முறுக்குக் கம்பிக்குக் கத்திரிக்கோல் ஆகாது. கம்பி சதைக்குள் புதைந்திருந்து மூச்சு சீராக இருந்தால், முளைப் பக்கம் ஒரு அடி விட்டு வெட்டி, சுருக்கோடே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். அதை மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கழற்றியதும் நன்றாக நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ரத்த ஓட்டம் நின்ற சதை அழுகுவது வெளியே தெரியச் சில நாள் ஆகும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

எலியும் முயலும் நடமாடும் இருட்டு நேரம்தான் பூனையும் சுற்றும் நேரம். டெல்டா வயல்களில் கிட்டி (மூங்கிலால் செய்த எலிப்பொறி) ஊன்றுவதும் சாயங்காலம், எடுப்பது விடிகாலை. பூனையின் பெரிய சாப்பாட்டைப் பொழுது சாயும்போது வீட்டுக்குள் வைத்து, கதவைச் சாத்திப் பழக்குங்கள். கடுவன் என்றால் ஆறு மாத வாக்கில் கருத்தடை செய்துவிட்டால் அலைச்சல் வெகுவாகக் குறையும். கழுத்துப்பட்டை போடுவதானால் இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகை போடுங்கள். கொக்கி வைத்த சாதாரணப் பட்டை முள்வேலியில் மாட்டினால் அதுவே சுருக்கு.

விடுவிக்கும்போது செல்லப் பூனையும் கடிக்கும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்குங்கள்.