அம்மாவின் முதுகும் நான் விழுங்கிய வரியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். மன்னார்குடியில் தனியாக இருந்த அம்மாவை இங்கே கூட்டி வந்து நான்கு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஐந்து நிமிஷம் நடந்தாலே இரண்டு காலும் கடுக்க ஆரம்பித்தது. உட்கார்ந்தால் போய்விடும். சூப்பர்மார்க்கெட்டில் மட்டும் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி அரை மணி நேரம் நடப்பார். நடிக்கிறார் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். முதுகெலும்புக்குள் நரம்பு போகும் பாதை சுருங்கினால் அப்படித்தான் இருக்குமாம். குனிந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். எம்.ஆர்.ஐ.யில் இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே நெருக்கடி தெரிந்தது.

தனியார் மருத்துவமனை டாக்டர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். திருகாணி போட்டு எலும்புகளை இணைக்க வேண்டும், அடுத்த வாரம் அட்மிட். ஆபத்துகளையும் சொன்னார், ஆங்கிலத்தில், என்னிடம்: நரம்பின் உறை கிழியலாம், கிருமி தொற்றலாம், அரிதாகக் கால் பலமிழக்கலாம். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாள் ஜாக்கிரதையா இருக்கணுமாம்மா, அவ்வளவுதான்" என்றேன்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போடும் இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டிய கோடு காலி. "கண்ணாடி கொண்டுவரல, நாளைக்குப் போடறேன்" என்றார் அம்மா. கண்ணாடி அவர் பையில்தான் இருந்தது.

அன்று ராத்திரி 2003-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஆறாவது பிரிவு தெளிவாகவே இருக்கிறது: நோயின் நிலை, பொதுவாகக் கிடைக்கும் சிகிச்சை வழிகள், அவற்றின் பலன், ஆபத்து, செலவு, வேண்டாம் என்று மறுக்கும் உரிமை, மறுத்தால் என்ன ஆகும் என்பது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய எழுத்தறிவுக்கு ஏற்ற விதத்தில். டாக்டர்மேல் இருந்த கோபத்தில்தான் படிக்க உட்கார்ந்தேன். அவர் சொன்ன கொஞ்சத்தையும் அம்மாவுக்குப் போகவிடாமல் விழுங்கியது நான்தானே.

இரண்டாவது டாக்டரிடம் காட்டுவதும் இந்த நாட்டு நோயாளர் உரிமைச் சாசனத்தில் இருக்கிற உரிமைதான். ஆனால் முதல் மருத்துவமனை வரவேற்பில், "ஃபைல் டாக்டருடையது, தர முடியாது" என்றார்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி, படிவம் 2-ஐ நிரப்பி மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் தர 30 நாள் கெடு. ஒன்பதாவது நாளே நகல் வந்தது. வாயால் கேட்டு அலைந்ததற்கு, முதலிலேயே எழுதிக் கேட்டிருக்கலாம்.

இரண்டாவது டாக்டர், "நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்" என்று என்னிடம் நேராகச் சொன்னார். சுருக்கென்றது. கோயிலில் பழக்கமான, ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவரைக் கூட்டிப் போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்; பாட்டியிடம் கற்ற பழைய தமிழ். "காலு வெளங்காமப் போகலாம். ரொம்ப அபூர்வம். ஆனா போகலாம்" என்றார்.

அம்மா பயப்படவில்லை. என் பக்கம் திரும்பி, "இதத்தான மென்னு முழுங்கின?" என்றார். அப்புறம் டாக்டரிடம், எனக்குத் தோன்றாத கேள்வியைக் கேட்டார்: "ஆபரேஷனுக்கப்புறம் தரையில உட்கார்ந்து விளக்கேத்த முடியுமா?"

டாக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். அம்மாவுக்கு எலும்பு நழுவவில்லை. அதனால் இணைக்காமல், நரம்பை அழுத்துவதை மட்டும் எடுக்கலாம். பிசியோதெரபி செய்து பார்த்துக் காத்திருக்கவும் செய்யலாம். ஆனால் ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னார்: பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, கால் திடீரென்று தளர்ந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவே சொல்கிறது.

மூன்று மாதம் பிசியோதெரபி. போதவில்லை. இணைப்பில்லாத ஆபரேஷனை அம்மாவே தேர்ந்தெடுத்தார். படிவத்தில் அந்தக் கோட்டை நிரப்பச் சொல்லி, அக்காவை வாசிக்கவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழில் கையெழுத்திட்டார்.

ராத்திரியில் இடது பாதம் மட்டும் இன்னும் மரத்துப்போகிறதாம். சூப்பர்மார்க்கெட்டில் வண்டியை நான் தள்ளுகிறேன். அம்மா முன்னால் போய்க் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.