நாலாயிரம் ரூபாய்க்குள் ஒரு நம்பகமான கிரைண்டர்

கிரில் பட்டறை தொடங்கப் போகிறவர்கள், வீட்டு வேலைக்கென்று ஒன்று வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், மாடியில் கம்பிப் பந்தல் போட விரும்புகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் நாலாயிரம் ரூபாய்க்குள் எந்தக் கை கிரைண்டரை வாங்கலாம்? ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். வாங்கப்போகும் மிஷின் நின்றுபோகும் நாளில், அதற்கான கார்பனும் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் சிறு கட்டை) ஆர்மேச்சரும் (அந்தச் சுழலும் பகுதி) உங்கள் ஊர்க் கடைத்தெருவில் அன்றைக்கே கிடைக்குமா?

பழுதாகாத கிரைண்டர் என்று எதுவும் கிடையாது. காலை முதல் இரவு வரை சதுரக் குழாயையும் ஆங்கிளையும் அறுத்து, வெல்டிங் மேட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் ஒரு பாடிப் பட்டறையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிஷினுக்கும் கார்பன் தேயும், பேரிங் கத்தத் தொடங்கும், என்றாவது ஆர்மேச்சர் கருகும். நல்ல மிஷின் என்று அங்கே பெயர் வாங்குவது, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பிரித்து மாட்டி மறுபடி ஓட்டக்கூடிய மிஷின்தான். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு இணையத்தில் வாங்கிய பெயர் தெரியாத கிரைண்டர், ஓடும்வரை நன்றாகவே ஓடும். நின்றபின் அதற்குள் இருக்கும் ஆர்மேச்சரின் நீளத்துக்கும் பல்லுக்கும் பொருந்துகிற இன்னொன்றை எந்தக் கடையிலும் எடுக்க முடியாது என்பதால் அது அப்படியே பழைய இரும்புக்குப் போகிறது. ஆர்மேச்சரைக் காயில் கட்டிக் கொடுக்கும் கடைகள் நம் ஊர்களில் உண்டு. ஆனால் அந்தக் கூலி மிஷினின் விலையில் பாதியைத் தொட்டுவிட்டால் யாரும் கட்டக் கொடுப்பதில்லை.

அளவைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முதல் மிஷின், சுழன்று அறுக்கும் வட்டத் தட்டான வீல் 4 இன்ச், அதாவது 100 மில்லிமீட்டர் உள்ளதாக இருக்கட்டும். அதன் வீலுக்கு நடுத்துளை 16 மில்லிமீட்டர். கட்டிங் வீல், கிரைண்டிங் வீல், ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் அடுக்கிய தட்டு), கம்பி பிரஷ், பாலிஷ் பேடு எல்லாம் கிராமத்து ஹார்டுவேர் கடை வரைக்கும் இந்த அளவில்தான் கிடைக்கின்றன. 5 இன்ச் மிஷின் ஆழமாக வெட்டும், வீலும் சற்று நீடித்து உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் நடுத்துளை 22.23 மில்லிமீட்டர் என்பதால் வீலைத் தேடிப் பெரிய கடைக்குப் போக வேண்டியிருக்கும். 7 இன்ச் மிஷின் கனமானது, உதைத்தால் தாங்கிப் பிடிக்கப் பழகிய கை வேண்டும். புதியவருக்கு அது வேண்டாம்.

அடுத்தது வாட். வாங்குகிறவர்களை மிக எளிதில் திசைதிருப்பும் எண் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் வாட், மிஷின் கரன்ட்டிலிருந்து இழுக்கும் சக்தி. அதில் பெரும் பகுதி காயிலின் சூடாகவும், காற்றாடியின் இழுப்பாகவும், பேரிங், கியர் ஆகியவற்றின் உராய்வாகவும் போய்விட, மீதிதான் வீலுக்கு வந்து சேருகிறது. இரண்டு எண்களையும் தனித்தனியே அச்சிடும் கம்பெனிகளின் விவரப் பட்டியலைப் பார்த்தால், வீலுக்கு வருவது உள்ளே போவதில் ஏறக்குறைய பாதி என்பது தெரியும். எனவே 670 வாட் என்று நேர்மையாக எழுதிய மிஷின், 1,100 வாட் என்று மனம்போல் எழுதிய மிஷினைவிட நன்றாக அறுப்பதில் வியப்பில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இரண்டையும் இரு கைகளில் தூக்கிப் பாருங்கள். மோட்டாரின் பலம் அதிலுள்ள செம்பிலும் இரும்புத் தகட்டிலும் இருக்கிறது. நல்ல 4 இன்ச் மிஷின் ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை இருக்கும். வாட் கூடக்கூட எடையும் ஓரளவு கூட வேண்டும். அதிக வாட் எழுதி, கைக்கு இலேசாக இருந்தால் உள்ளே செம்பு குறைந்திருக்கிறது அல்லது செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கிறது என்று கருத இடமுண்டு. தகட்டில் ஆம்பியர் எண் இருந்தால் அதை 230 ஆல் பெருக்கிப் பார்ப்பதும் பயன் தரும். இரண்டும் ஒத்துப்போகாத மிஷினை நான் பரிந்துரைப்பதில்லை.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. வீல் மாட்டாமல், கரன்ட் கொடுக்காமல், வீல் மாட்டும் தண்டான ஸ்பின்டிலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. சுற்றும் திசையில் மயிரிழை ஆட்டம் இருப்பது கியர் பல்லுக்கு இடையிலுள்ள இடைவெளி, அதில் குற்றமில்லை. ஸ்பின்டில் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டால் முழுமையாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓடவிட்டு, பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே கவனித்தால் ஆர்மேச்சரின் முனையிலுள்ள செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் கார்பன் படும் இடத்தில் சிறுசிறு நீலப் பொறிகள் தெரியும். புது மிஷினில் கார்பன் படியும் வரை அது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு வளையமாகத் தீ ஓடினால் அந்த மிஷினை வாங்கவே கூடாது. சுவிட்சை அணைத்தபின் சத்தம் சீராக இறங்கி அடங்க வேண்டும். கடைசிச் சில சுற்றுகளில் கரகரவென்று கேட்டால் பேரிங்கிலோ கியரிலோ குறை இருக்கிறது. கடைக்காரர் இவற்றுக்குச் சம்மதிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போவது நல்லது. விலையில் நூறு ரூபாய் கூடினாலும் ஓட்டிக் காட்டி விற்கிறவரிடம் வாங்குவதையே நான் விரும்புகிறேன்.

கம்பெனிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போஷின் நீல நிற வரிசையில் உள்ள சிறிய 4 இன்ச் மிஷின்தான் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அதிகம் தென்படுகிறது. அதன் உதிரிப் பாகங்கள் சிற்றூர்களில்கூடக் கிடைக்கின்றன என்பதால் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு அதை வாங்குவது பாதுகாப்பான முடிவு. டிவால்ட்டின் 850 வாட் மிஷினுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். நாள் முழுக்க அறுக்கிறவருக்கு அந்தக் கூடுதல் சக்தி கையில் தெரியும். ஸ்டான்லியும் டிவால்ட்டும் ஒரே நிறுவனத்தின் பெயர்கள். ஹிட்டாச்சி என்று நாம் அறிந்திருந்தது 2018 முதல் ஹைகோக்கி என்ற பெயரில் வருகிறது, பழைய ஹிட்டாச்சியை அறிந்தவர்கள் தயங்க வேண்டியதில்லை. மகிதா விலை கூடுதல். ஆனால் 1915 இல் ஜப்பானின் நகோயாவில் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் விற்றுப் பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது, பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கத்தின் சாயல் இன்றும் தெரியும் என்பது என் எண்ணம். நம் நாட்டுக் கம்பெனிகளில் மகாராஷ்டிரத்தின் கேபிடி நெடுங்காலமாக இத்துறையில் இருக்கிறது. உங்கள் ஊரில் அதற்கு டீலர் இருந்தால் தாராளமாக வாங்கலாம். சீனாவின் டாங்செங் போன்றவையும் இப்போது உதிரிப் பாகங்களோடு வருவதால் அவற்றைச் சீன மிஷின் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. பெயர் பெற்ற மிஷின்களின் போலிகளும் சந்தையில் உண்டு. தகட்டில் சீரியல் எண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணோடு ஜிஎஸ்டி பில்லும் கேட்டு வாங்குங்கள்.

விலைப் பட்டியலில் யாரும் கவனிக்காத ஒன்றுக்கு வருகிறேன்: சுவிட்ச். விலை குறைந்த 4 இன்ச் மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னே தள்ளி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஸ்லைடு சுவிட்ச்தான். கை வலிக்காது என்பதால் வேலைசெய்கிறவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் கரன்ட் போவதும் வருவதுமாக இருக்கும் நம் ஊரில் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போகிறது. மிஷின் ஓசையில்லாமல் நிற்கிறது. பிடித்திருந்தவர் சுவிட்சைப் பின்னுக்கு இழுக்காமலே தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். கரன்ட் திரும்பி வரும் நொடியில், யார் கையும் படாமல் நிமிடத்துக்கு 11,000 சுற்று வேகத்தில் அந்த மிஷின் தரையில் துள்ளத் தொடங்குகிறது. பக்கத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பவரின் காலையோ தன் வயரையோ அது வெட்டிவிடலாம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கையை எடுத்தால் அணைந்துவிடும், ‘பேடில்’ எனப்படும் சுவிட்ச் உள்ள மிஷினை வாங்கலாம். அல்லது கரன்ட் திரும்பினாலும் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் ஓடும் பாதுகாப்பு உள்ள மிஷினை வாங்கலாம். இரண்டுமே சில நூறு ரூபாயாவது கூட்டும். வாட்டில் நூறைக் குறைத்துக்கொண்டாவது இதற்குச் செலவிடுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன், குறிப்பாக வேலையாட்களை வைத்துப் பட்டறை நடத்தப் போகிறவர்களிடம். இரண்டும் கைக்கெட்டாவிட்டால், கரன்ட் போனவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது என்பதை முதல்நாளே பழக்கமாக்கிவிட வேண்டும்.

மிஷினுக்கு இவ்வளவு பார்ப்பவர்கள்கூட வீலை எண்ணிக்கைக் கணக்கில் மலிவாக அள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். 100 மில்லிமீட்டர் வீல் 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. உடைந்தால் துண்டு அதே வேகத்தில்தான் பறக்கும். வீலின் மேல் அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். நல்ல 4 இன்ச் வீலில் அது 15,300 அளவில் இருக்கும், 7 இன்ச் வீலில் 8,500 தான். வீலை மறைத்திருக்கும் பாதுகாப்புத் தகடான கார்டைக் கழற்றிவிட்டுச் சின்ன மிஷினில் பெரிய வீலை மாட்டுவது எவ்வளவு கொடியது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். நடுவிலுள்ள உலோக வளையத்தையும் பாருங்கள். முறையாகச் செய்த வீல்களில் அங்கே மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும், அது காலாவதித் தேதி. வீலைப் பிணைத்திருக்கும் பிசின் ஈரத்தை இழுத்து நாளடைவில் வலுவிழக்கிறது என்பதால் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கணக்கு. மழைக்காலத்தில் ஒழுகும் தகரக் கூரைக்கடியில் கிடந்த வீலை, தேதி மீதமிருந்தாலும் நான் மாட்ட மாட்டேன். திருவொற்றியூரில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் வீல்களும் நார்ட்டன் வீல்களும் நம்மிடம் எளிதாகக் கிடைக்கும்போது பெயரில்லாத வீலை வாங்கக் காரணமே இல்லை.

மரம் அறுக்கவும் இதே மிஷின் போதுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சொல். பல் வைத்த மர பிளேடைக் கை கிரைண்டரில் மாட்டாதீர்கள். பல் மரத்தில் சிக்கும் நொடியில் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், அதை அடக்கப் பிடிமானமும் அடித்தட்டும் கிரைண்டரில் இல்லை. நம் தச்சர்கள் பெரும்பாலும் 4 இன்ச் மார்பிள் கட்டரில் 110 மில்லிமீட்டர் மர பிளேடைப் போட்டு அறுக்கிறார்கள். அதற்கு அடித்தட்டு உண்டு என்பதால் பிளைவுட்டில் நேர்கோடு வரும், விலையும் கிரைண்டரை ஒட்டியதுதான். ஆனால் பிளேடின் கீழ்ப்பாதி எப்போதும் திறந்தே கிடக்கும். 7 இன்ச் சர்குலர் சா என்ற வட்ட ரம்பத்தில், மரத்தை விட்டு எடுத்தவுடன் ஸ்பிரிங் இழுப்பில் பிளேடை மூடிக்கொள்ளும் கீழ்க் கார்டு இருக்கிறது, சுற்றும் வேகமும் பாதிக்குக் கீழே. மர வேலைதான் பிழைப்பு என்றால் சில மாதம் பொறுத்துப் பணம் சேர்த்தாவது அதையே வாங்க வேண்டும்.

பேட்டரி கிரைண்டர் இந்தப் பட்ஜெட்டுக்குள் நல்லதாக வராது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

நாலாயிரத்தில் மிஷினுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம் வரை ஒதுக்கினால், மீதியில் முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு ஒன்று, பத்துக் கட்டிங் வீல், இரண்டு ஃப்ளாப் டிஸ்க் வாங்கிவிடலாம். அதே கடையில் அந்த மிஷினுக்கான கார்பன் ஒரு ஜோடியையும் கேளுங்கள். ஐம்பது ரூபாய் அளவுக்குள் முடியும் செலவு அது. கார்பன் அரை சென்டிமீட்டருக்குத் தேய்ந்தவுடன் மாற்றிவிட்டால் கம்யூட்டேட்டர் கீறல் விழாமல் தப்பிக்கும். கடைக்காரர் எழுந்து போய்ப் பின்னாலிருக்கும் டப்பாவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தால் மிஷினுக்குப் பணம் கட்டுங்கள், வரவழைத்துத் தருகிறேன் என்று சொன்னால் வேறு கம்பெனி மிஷினைக் காட்டச் சொல்லுங்கள்.