சிறுமிகளுக்கு ஸ்பிரிங் வெட்சூட்: தடிமனைவிட அளவைப் பாருங்கள்

கடல், காற்றைவிட மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். வசந்தத்தின் தொடக்கத்தில் கரையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் வருடத்திலேயே தண்ணீர் அதிகம் குளிர்ந்து கிடப்பது ஏறக்குறைய அப்போதுதான். இலையுதிர் காலத்தில் நேர்மாறு. காற்று சில்லிடும், தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் மிச்சமிருக்கும். ஆகவே அலைச்சறுக்குக்கு (சர்ஃபிங்) மகளுக்கு ஸ்பிரிங் சூட், அதாவது கால் பகுதி குட்டையான ரப்பர் நுரை உடை, எடுக்குமுன் அவள் இறங்கப்போகும் கடலின் தண்ணீர் வெப்பநிலையைப் பாருங்கள். சுமார் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை 2 மி.மீ. தடிமனுள்ள ஸ்பிரிங் சூட் சரிப்படும். அதற்குச் சற்றுக் கீழே என்றால் உடம்புப் பகுதியில் 3, கைகால்களில் 2 மி.மீ. உள்ள 3/2 முழு சூட்தான். பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு சிறுமிகளுக்கு அப்படியே பொருந்தாது. எடையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தோல் பரப்பு அதிகம், சீக்கிரம் நடுங்கிவிடுவார்கள். 18, 19 டிகிரியில் காற்றும் அடித்தால் தயங்காமல் 3/2 எடுக்கலாம்.

அரைக்கையா, முழுக்கையா? என் ஓட்டு முழுக்கை, அரைக்கால் வகைக்கு. சர்ஃபிங்கில் பெரும்பாலான நேரம் பலகையில் குப்புறப்படுத்துக் கைகளால் துடுப்புப் போடுவதிலும் அலைக்குக் காத்திருப்பதிலுமே போகும். ஈரக் கையில் காற்று படும்போதுதான் குளிர் ஏறும். நீச்சலுடைபோல இடுப்போடு நின்றுவிடும் சூட்கள் பார்க்க அழகு. ஆனால் கற்றுக்கொள்பவர்கள் ஏறும் நுரைப் பலகை தொடையின் உட்புறத்தை உரசி உரசிச் சிவக்க வைத்துவிடும். நடுத்தொடை வரையாவது துணி வேண்டும்.

அளவுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். நியோப்ரீன் என்னும் ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழ்கள்தான் உடம்பின் வெப்பம் வெளியே போகாமல் தடுக்கின்றன. உள்ளே புகும் மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கவேண்டும். தொளதொள சூட்டில் ஒவ்வொரு அலைக்கும் அந்தத் தண்ணீர் வெளியேறிக் குளிர்ந்த தண்ணீர் புகுந்துவிடும். அப்புறம் 2 மி.மீ. இருந்தென்ன, 3 இருந்தென்ன? "வளர்கிற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது காசைக் கடலில் போடுவதுதான். ஸ்பிரிங் சூட்டில் ஒரு வசதி: கால் பகுதி குட்டை என்பதால் உயரம் கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. மார்புச் சுற்றளவும், தோளிலிருந்து கவடு வரையுள்ள உடம்பின் நீளமும் பொருந்தும்வரை போடலாம்.

அளவு அட்டவணையில் வயதைப் பார்க்காதீர்கள். முதலில் மார்பு, பிறகு உயரம், எடை. போட்டுப் பார்க்கும்போது தொடையிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக மேலே இழுத்து, கவட்டில் இடைவெளி இல்லாமல் உட்காரவைத்த பிறகே தோளை ஏற்றுங்கள். நகத்தால் பிடித்து இழுத்தால் பிறை வடிவில் கிழியும். விரல் நுனியின் சதையால் பிடிக்கவேண்டும். இப்போது கீழ் முதுகைத் தொட்டுப் பாருங்கள். முதுகு உள்வாங்கும் அந்த இடத்தில்தான் பை போல உப்பி நிற்கும். அக்குளையும் பாருங்கள். தரையில் குப்புறப்படுக்கவைத்து இருபது முறை துடுப்புப் போடச் சொல்லுங்கள். தோளைக் கீழே இழுக்கிறது என்றால் உடம்பு நீளம் போதவில்லை. உலர்ந்திருக்கும்போது சற்று இறுக்கமாகத் தோன்றுவது சரியே, நனைந்தால் இளகும். மூச்சு முட்டினால் மட்டும் வேண்டாம்.

பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆண், பெண் வெட்டில் பெரிய வேறுபாடு இருக்காது. பையனின் சூட் பொருந்தினால் தாராளமாக எடுங்கள். மார்பும் இடுப்பும் வடிவம் மாறத் தொடங்கிய பிறகே பெண்கள் வெட்டு அவசியமாகிறது.

முன்பக்க ஜிப்பைத் தானே இழுத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் பலகையில் படுத்ததும் அந்த ஜிப் மார்பெலும்பில் அழுந்தும். சிறுமிகளுக்கு முதுகு ஜிப்பே எளிது. நீளக் கயிறும், கழுத்தை உரசாமல் வெல்க்ரோவை முழுக்க மூடும் மடிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே முடிச்சில்லாத ஒற்றை நீச்சலுடை போதும். பிகினி முடிச்சு முதுகிலும் இடுப்பிலும் குத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டு பக்கமும் தெரியும் தட்டைத் தையலில் ஊசித் துளை வழியே தண்ணீர் கசியும். இந்த வெப்பநிலைக்கு அது பரவாயில்லை. ஒட்டி, துளை மறுபக்கம் போகாமல் தைத்த சூட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது 3/2-க்குத்தான் நியாயம்.

பழைய சூட் என்றால் தோள்பட்டையில் இரு விரலால் அழுத்திவிடுங்கள். உடனே மீளாமல் அட்டைபோல் கிடந்தால் நுரை செத்துவிட்டது, விட்டுவிடுங்கள். சிறு கிழிசல் பிரச்சினையே இல்லை. உலர்ந்த இரு விளிம்பிலும் நியோப்ரீன் பசையை மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, இரண்டாம் பூச்சும் போட்டு, தொட்டால் லேசாக ஒட்டும் பதத்தில் சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, இடுப்பில் மடித்து நிழலில் தொங்கவிடுங்கள். தோளில் தொங்கவிட்டால் ஈர எடையில் தோள் இழுபட்டு நீண்டுவிடும். வாஷிங் மெஷின், சுடுதண்ணீர் பக்கமே போகவேண்டாம்.