ஃப்ளூ ஊசிக்கு அலைந்த ஒரு வாரம்

நான் நர்சிங் மாணவி. போன ஐப்பசி அடைமழையில் எனக்குக் காய்ச்சல். அட்டெண்டன்ஸ் போய்விடுமே என்று பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு மெடிக்கல் வார்டு டியூட்டிக்குப் போனேன். மூச்சிரைப்போடு படுத்திருந்த ஆச்சி ஒருத்திக்கு நான்தான் நெபுலைசர் வைப்பேன். நாலாம் நாள் ஆச்சிக்கும் காய்ச்சல்; ஐசியூவுக்கு மாற்றினார்கள். என்னிடமிருந்துதான் ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து நாளில் ஆச்சி பிழைத்து வீட்டுக்குப் போனாள். எனக்குத்தான் அது நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை.

இந்த வருஷம் புரட்டாசியிலேயே ஊசி போட்டுவிட நினைத்தேன். போட்டபின் எதிர்ப்பு சக்தி உண்டாக இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் ஃப்ளூ தலைதூக்குவது வடகிழக்குப் பருவமழையில்.

நர்சிங் சேர்ந்ததும் ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸ் போட்டாயிற்றா என்று கார்டு கேட்டு வாங்கினார்கள். ஃப்ளூ ஊசியை மூன்று வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை. நோயாளியின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நிற்கிற பிள்ளைகளிடம் இதைக் கேட்காமல் விடலாமா?

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் போன சீசன் ஸ்டாக்கை எடுத்து நீட்டினார்கள். காலாவதிக்கு ஒரு மாதம் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அறிவிக்கும். அட்டைப்பெட்டியில் எந்த சீசனுக்கானது என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

வண்ணார்பேட்டையில் ஒரு அண்ணாச்சி சொல்லிவைத்து மறுநாளே வரவழைத்தார். 1,800 ரூபாய். ஹாஸ்டல் பிள்ளைக்கு அது ஒரு மாதக் கைச்செலவு. சிரிஞ்சை அவர் நேரே ஐஸ் கட்டிமேல் வைக்கப் போனார்.

"அண்ணாச்சி, உறைஞ்சா மருந்து வீணாயிரும். 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ளதான் இருக்கணும்."

"அப்படியாம்மா?" என்று தினசரித் தாளை நாலாய் மடித்து நடுவில் வைத்துத் தந்தார்.

ஃபோனில் அம்மா, "ஏட்டி, நல்லா இருக்கையில எதுக்கு ஊசி? அதுலயே காய்ச்சல் வந்துரப் போவுது" என்றாள். அம்மா சொன்னது பயத்தில். அதையே என் வகுப்புப் பிள்ளைகள் சொன்னபோதுதான் வருத்தமாக இருந்தது. இதில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். ஃப்ளூவைக் கொண்டுவர அதால் முடியாது என்பதை நாம் படித்துத்தானே பாஸ் ஆனோம்?

ஓபியில் டாக்டரைப் பார்த்துவிட்டு இடது தோளில் போட்டுக்கொண்டேன். அரை மில்லி. அன்று சாயங்காலம் உடம்பு லேசாக வலித்தது. இரண்டு நாள் கை தூக்கித் தலை பின்ன முடியவில்லை. ரூம்மேட்தான் பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே கேட்டாள்: "எனக்கும் சொல்லிவைப்பியா?"

மேடத்திடம் ஆச்சியின் கதையைச் சொன்னேன். மொத்தமாக வாங்கினால் விலை குறையுமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இதுவரை 11 பேர்.