ஒன்பது சதுர சென்டிமீட்டர் பச்சை

மார்ச் 3
நானோபடிகக் (ஒளி உமிழும் மிகச் சிறிய படிகங்கள்) கரைசலைச் சுழலும் கண்ணாடியில் ஊற்றிப் பரப்பும் ஸ்பின் கோட்டிங்கை இன்றோடு விட்டாயிற்று. 4 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு எல்.இ.டி. செய்ய அது அருமையான முறைதான். ஆனால் கண்ணாடி சுழலும்போது ஊற்றிய கரைசலில் பெரும்பகுதி தெறித்து வீணாகிறது, ஓரமும் தடித்துவிடுகிறது. எனக்கு வேண்டியது 3 செ.மீ. சதுரம் முழுக்க ஒரே பச்சை. இனி பார் கோட்டிங்: கண்ணாடியின் மேல் ஓர் உலோகத் தண்டு கரைசலை இழுத்துக்கொண்டே போகும்.

மார்ச் 5
நானோபடிகங்களைக் கழுவும் நாள். சீசியம் லெட் புரோமைடு படிகம் ஒவ்வொன்றையும் ஓலிக் அமிலமும் ஓலைலமீனும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வை இருந்தால்தான் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் அதுவே மின்சாரத்தையும் மறிக்கிறது. இரண்டு முறை கழுவியதில் குழாயை 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் காட்டினால் கண் கூசியது. ஆசைப்பட்டு ஒரு பங்கை மட்டும் மூன்றாவது முறையும் கழுவினேன். கலங்கிப்போய் அடியில் திப்பி திப்பியாக உட்கார்ந்தது, ஒளியும் மங்கிவிட்டது. சரி, இரண்டு போதும்.

மார்ச் 6
படிகங்களை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் கலந்து பூசினேன். வரி வரியாகக் காய்ந்தது.

மார்ச் 9
ஹெக்ஸேன் 69 டிகிரியில் கொதிப்பது. தண்டு நகர்ந்த கையோடு உலர்ந்துவிடுகிறது. ஆக்டேன் 125 டிகிரி. அதற்கு மாறியதும் ஈரப்படலம் தானாகச் சமன்பட நேரம் கிடைத்தது. புற ஊதா விளக்கின் கீழ் ஒரு கோடுகூட இல்லை. அப்படியே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12
மேலே எலக்ட்ரான் கடத்தும் அடுக்கு, அலுமினியம் எல்லாம் ஆவியாக்கிப் படியவைத்து மின்சாரம் கொடுத்தேன். மின்முனைப் பக்கம் பிரகாசம், எதிர்ப்பக்கம் மங்கல். நடுவில் ஒரு கரும்புள்ளி. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு தூசி, அதைச் சுற்றி அலுமினியம் கருகியிருக்கிறது. 4 சதுர மில்லிமீட்டர் சிறிய புள்ளிகளாக எல்.இ.டி. செய்யும்போது தூசி விழுந்ததைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்போம். இங்கே ஒரே ஒரு தூசி முழுத் தகட்டையும் ஷார்ட் ஆக்கிவிடும்.

மார்ச் 13
மங்கலுக்குக் காரணம் நானோபடிகம் இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்றால் சிறிய புள்ளிக்கு 0.4 மில்லி ஆம்பியர்தான், இந்தத் தகட்டுக்கோ 90. கண்ணாடிமேல் இருக்கும் ஒளிபுகும் மின்கடத்தியான ஐ.டி.ஓ. படலத்தின் தள மின்தடை 15 ஓம். மின்னோட்டம் எங்கும் சீராக இறங்குவதாக வைத்தாலும், ஒரு பக்கம் மட்டும் இணைப்புக் கொடுத்தால் மறுகோடிக்குள் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் குறைகிறது. இரண்டு பக்கமும் கொடுத்தால் இழப்பு அதில் கால்வாசிதான். 1994இல் கால்வின், ஷ்லாம்ப், அலிவிசாடோஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் நானோபடிக எல்.இ.டி.யை எரியவைத்ததிலிருந்து செயல்திறன் எவ்வளவோ ஏறிவிட்டது. ஆனாலும் பெரிய பரப்புக்கு வந்தால் அடியில் இருக்கும் கடத்தியையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 17
இரண்டு பக்கமும் உலோகப் பட்டை. கரைசலைப் பூசும் முன் வடிகட்டியில் இரண்டு முறை விட்டேன். எரிந்தது. மூலைக்கு மூலை ஒரே பச்சை, என் உள்ளங்கை முழுக்க அந்த நிறம். இடது ஓரத்தில் மட்டும் கடுகளவு ஒரு இருட்டு இருக்கிறது. நாளை அதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.